ஒரு சோறு பதம் பார்க்கும் ராக்கெட்

2019 ஆகஸ்டில் ஸ்பேஸ்ஃப்ளைட் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தியாவிடம் ஒரு ராக்கெட் பயணத்தை முழுசாக விலை பேசி வாங்கியது. விற்றது நியூஸ்பேஸ் இந்தியா லிமிடெட், அதே ஆண்டு தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். விற்கப்பட்ட பொருள் எஸ்எஸ்எல்வி. சிறிய செயற்கைக்கோள்களுக்கென்றே இஸ்ரோ அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த, அதுவரை ஒருமுறைகூடப் பறக்காத ராக்கெட். அந்த ஆண்டு முடிவதற்குள் பறந்துவிடும் என்பது அன்றைய கணக்கு.

அது முதன்முதலில் மேலெழுந்தது 2022 ஆகஸ்டில். அந்தப் பயணமும் தோல்வி. 2023 பிப்ரவரியில் ஒருவழியாகச் சரியாகப் பறந்தது. அதற்கு நான்கு மாதம் கழித்து ஸ்பேஸ்ஃப்ளைட் நிறுவனத்தையே ஃபயர்ஃப்ளை என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் வாங்கிவிட்டது. வண்டி வருவதற்குள் முன்பதிவு செய்தவர் கடையை மூடிவிட்டார்.

இதை இஸ்ரோவைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடுவில் கொரோனா இருந்தது, உலகம் முழுக்கப் புது ராக்கெட்டுகள் தாமதமாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் 'ஒரே வாரத்தில் பூட்டி ஏவிவிடலாம்' என்பதையே முதல் பெருமையாகச் சொன்ன ராக்கெட்டுக்கு இப்படி ஆனதை யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெருமை பொய்யில்லை. அது ராக்கெட்டின் எந்தப் பகுதிக்குப் பொருந்தும், எந்தப் பகுதிக்குப் பொருந்தாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள திட எரிபொருள் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தீபாவளிக்கு வாணம் விட்டவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். திரியில் நெருப்பு வைக்கும் வரை அது அட்டைப்பெட்டியில் சும்மா கிடக்கும், வைத்த பிறகு நிறுத்த வழியில்லை. திரவ எரிபொருள் ராக்கெட் அப்படியல்ல, அது பம்பு ஸ்டவ் மாதிரி. எரிபொருள் ஒரு தொட்டியில் இருக்கும், எரிய உதவும் ஆக்சிஜன் தரும் பொருள் இன்னொரு தொட்டியில் இருக்கும். இரண்டையும் குழாய் வழியாக எரிகலனுக்குள் தள்ளிப் பற்றவைக்க வேண்டும். குழாயை அடைத்தால் நின்றுவிடும். சில எஞ்சின்களைத் திரும்பவும் பற்றவைக்கலாம், தணலைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு விலையாக பம்புகள், வால்வுகள், சென்சார்கள் என்று ஒரு பட்டாளமே உள்ளே இருக்கும்.

திட எரிபொருளில் இந்தப் பட்டாளம் கிடையாது. அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பு ஆக்சிஜனைத் தருகிறது, அலுமினியத் தூள் வெப்பத்தைத் தருகிறது. இரண்டையும் எச்டிபிபி எனப்படும் ரப்பர் போன்ற பொருளில் பிசைகிறார்கள். எடையில் பெரும்பங்கு அந்த உப்புதான். கெட்டியான மாவுப் பதத்தில் இருக்கும் கலவையை ராக்கெட்டின் கூட்டுக்குள் ஊற்றுகிறார்கள். ஊற்றுவதற்கு முன் நடுவில் உலக்கை மாதிரி ஓர் அச்சை நிறுத்திவிடுவார்கள். மிதமான சூட்டில் சில நாட்கள் வைத்தால் கலவை அழிரப்பர் போல இறுகிவிடும். அப்புறம் அச்சை உருவி எடுக்க வேண்டும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு ஓட்டை மிஞ்சும், எரிவது அந்த ஓட்டையின் சுவரிலிருந்துதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அந்த ஓட்டையின் வடிவம். வட்டமாக இருந்தால் எரிய எரிய ஓட்டை பெரிதாகும், எரியும் பரப்பு கூடும், உந்துவிசையும் கூடிக்கொண்டே போகும். நட்சத்திர வடிவில் இருந்தால் முனைகள் கரைவதும் ஓட்டை விரிவதும் ஒன்றையொன்று ஈடுகட்டி, விசை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். எந்த நொடியில் எவ்வளவு தள்ள வேண்டும் என்ற முடிவைத் திரவ எஞ்சினில் கணினி பறக்கும்போது எடுக்கலாம். இங்கே அந்த முடிவு, மாதக்கணக்கில் முன்னால் ஒரு தொழிற்சாலையில் அச்சைச் செதுக்கியபோதே எடுக்கப்பட்டுவிட்டது.

அதனால்தான் ஏவுதளத்தில் வேலை குறைவு. பிஎஸ்எல்வி இஸ்ரோவின் பழைய, பெரிய ராக்கெட். ஓர் அடுக்கு எரிந்து முடிந்து கழன்றதும் அடுத்த அடுக்கு எரியும். அதன் இரண்டாவது, நான்காவது அடுக்குகள் திரவ எரிபொருளில் ஓடுபவை. கவுன்ட்டவுன் நேரத்தில் நச்சுத்தன்மையுள்ள திரவங்களை நிரப்ப வேண்டும், அதற்கென ஆட்கள், அதற்கென பாதுகாப்பு ஏற்பாடு. எஸ்எஸ்எல்வியில் மூன்று அடுக்குகளும் நிரப்பப்பட்டே வருகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைத்து, சோதித்து, செயற்கைக்கோளை உச்சியில் வைத்தால் முடிந்தது. பிஎஸ்எல்விக்கு நூற்றுக்கணக்கானோர் தேவைப்படும் இடத்தில் இங்கே கைவிரல் எண்ணிக்கையில் ஆட்கள் போதும் என்று இஸ்ரோ சொன்னது இந்த வேலையைத்தான். உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாரம் என்பது பரிமாறும் நேரம். சமையல் நேரம் வேறு கணக்கு.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 34 மீட்டர், விட்டம் 2 மீட்டர், கிளம்பும்போது எடை சுமார் 120 டன். முதல் அடுக்கில் 87 டன் எரிபொருள், இரண்டாவதில் 7.7 டன், மூன்றாவதில் 4.5 டன். இவ்வளவும் சேர்ந்து 500 கிலோ செயற்கைக்கோளை 500 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோகும். துருவங்களைத் தொட்டுச் சுற்றும் பாதை என்றால் 300 கிலோ. ராக்கெட்டை உருவாக்கவும் மூன்று சோதனைப் பயணங்களுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டது 169 கோடி ரூபாய்.

இஸ்ரோவுக்கு இது புதிய வித்தையும் இல்லை. இந்தியா முதன்முதலில் சுற்றுப்பாதையை எட்டியதே முழுக்கத் திட எரிபொருளில்தான். 1979 ஆகஸ்டில் தோற்று, 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோளைக் கொண்டுபோய்ச் சேர்த்த எஸ்எல்வி-3 நான்கு திட அடுக்குகள் கொண்டது, எடை 17 டன்தான். அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த ராக்கெட். அதன் முதல் அடுக்கு பிறகு அக்னி ஏவுகணைக்கும் அடித்தளமானது. இந்த உறவு எல்லா நாட்டிலும் உண்டு. வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்துவிட்டு, சொன்ன நிமிடத்தில் கிளம்ப வேண்டியது ஏவுகணை. அதற்குத் திட எரிபொருள்தான் தோது. அமெரிக்காவில் மினிட்மேன், பீஸ்கீப்பர் ஏவுகணைகளின் ஓய்வுபெற்ற மோட்டார்களை (திட எரிபொருள் நிரப்பிய கூடுகளை) வைத்து மினோட்டார் என்ற ராக்கெட்டைச் செய்கிறார்கள். ஆனால் தனியார் செயற்கைக்கோளை அதில் ஏற்ற முடியாது. அரசாங்கத்தின் பழைய சரக்கு சந்தைக்கு வந்தால் தனியார் ராக்கெட் கம்பெனிகள் பிழைக்க முடியாது என்று அந்த நாட்டுச் சட்டமே தடுத்து வைத்திருக்கிறது.

சரி, நிறுத்தவே முடியாத நெருப்பை வைத்துக்கொண்டு செயற்கைக்கோளைச் சரியான இடத்தில் எப்படி இறக்குவது?

சுற்றுப்பாதை என்பது உயரத்தைவிட வேகத்தின் விஷயம். தரையிலிருந்து சில நூறு கி.மீ. உயரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 7.6 கி.மீ. வேகம் கிடைத்தால்தான் பொருள் பூமியைச் சுற்றும். திட மோட்டார் ஒவ்வொன்றும் எரிந்து முடிக்கும்போது தரும் மொத்த உந்துதல் கணக்கிலிருந்து சிறிது கூடலாம், குறையலாம். கலவையின் வெப்பநிலை மாறினால்கூட எரியும் வேகம் மாறும். மூன்று அடுக்கிலும் சேரும் இந்தச் சில்லறைப் பிழையைச் சரிசெய்ய எஸ்எஸ்எல்வியின் உச்சியில் நான்காவதாக ஒரு சின்ன திரவப் பகுதி இருக்கிறது. சுமார் 50 கிலோ திரவம், சிறு சிறு உந்திகள். 120 டன் வாணம் போட்ட கணக்கை இந்த 50 கிலோ திருத்தி எழுதுகிறது. ஐரோப்பாவின் வேகா, சீனாவின் செரெஸ்-1, ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் வடிவமைத்த விக்ரம்-1 எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான்: கீழே திட அடுக்குகள், மேலே ஒரு திரவத் திருத்தி.

அந்தத் திருத்தி வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 ஆகஸ்ட் 7 காட்டியது.

அன்று காலை 9:18-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்எஸ்எல்வி-டி1 கிளம்பியது. உள்ளே இஓஎஸ்-02 என்ற இஸ்ரோ செயற்கைக்கோள். கூடவே 8 கிலோ எடையில் ஆசாதிசாட். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்து, நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பாகங்களைச் செய்தது. மதுரை பக்கம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. மூன்று திட அடுக்குகளும் ஒழுங்காக எரிந்தன. இஸ்ரோ அறைக்குள் கைதட்டலும் கேட்டது. அப்புறம் தகவல் வருவது நின்றது.

நடந்தது இது. இரண்டாவது அடுக்கு எரிந்து முடிந்து கழன்றபோது ஓர் அதிர்வு. மிகக் குறுகிய நேரம்தான், கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் வேகமாற்றத்தை அளக்கும் ஆறு கருவிகளும் தங்கள் அளவுகோலின் உச்சியில் போய் முட்டிக்கொண்டன. எந்தக் கருவி பழுது என்று கண்டுபிடிக்க எழுதப்பட்ட நிரல், ஆறும் பழுது என்று முடிவு கட்டியது. ஆறும் பழுது என்றால் கணினி யாரையும் நம்ப முடியாது. ஆகவே முன்பே எழுதி வைத்த 'இருப்பதைக் காப்பாற்று' முறைக்குத் தாவி, அளவீடுகளைப் பார்க்காமல் மனப்பாடமாக ஓட்ட ஆரம்பித்தது. கருவிகள் அடுத்த கணமே தெளிந்து, சரியான எண்களையே கொடுத்துக்கொண்டிருந்தன. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

திருத்தும் பகுதி தன் வேலையைச் செய்யவில்லை. வேகத்தில் நொடிக்கு 56 மீட்டர் குறைந்தது. தேவையான வேகத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் பதிலாக, ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கி.மீ. என்ற நீள்வட்டம் கிடைத்தது. 76 கி.மீ. உயரத்தில் காற்று இருக்கிறது. செயற்கைக்கோள்கள் சீக்கிரமே விழுந்துவிட்டன.

திட எரிபொருளின் மேல் பழி போட முடியாது, எரிய வேண்டியது எரிந்தது. ஆனால் எரிபொருள் மிச்சமுள்ள திரவ மேலடுக்காக இருந்தால் இன்னும் சில நொடி எரிந்து அந்தக் குறையை நிரப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. தீர்ந்துபோன வாணத்திடம் இன்னும் கொஞ்சம் எரி என்று கேட்க முடியாது. ஆறு மாதத்தில் இஸ்ரோ திருத்திக்கொண்டு வந்தது. அதிர்வு குறைவாகக் கொடுக்கும், மூன்றாவது அடுக்கில் ஏற்கெனவே இருந்த வகைப் பிரிப்பு அமைப்பை இரண்டாவதுக்கும் மாற்றியது. கருவிகளைப் பழுதென்று தள்ளுமுன் நிரல் இன்னும் பொறுமையாகப் பார்க்கும்படி எழுதியது. காப்பாற்றும் முறைக்குப் போனாலும், இந்தியாவின் சொந்த ஜிபிஎஸ் மாதிரியான நாவிக் செயற்கைக்கோள்களின் தகவலை வைத்துப் பாதை பார்க்க வழி செய்தது. 2023 பிப்ரவரி 10-ல் டி2, இஓஎஸ்-07-ஐயும் ஆண்டாரிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஜானஸ்-1-ஐயும் ஆசாதிசாட்-2-ஐயும் 450 கி.மீ. பாதையில் வைத்தது. மாணவிகளுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்ததில் எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம். 2024 ஆகஸ்ட் 16-ல் டி3, 175 கிலோ எடையுள்ள இஓஎஸ்-08-ஐக் கொண்டுபோனது. அத்துடன் சோதனைக் காலம் முடிந்ததாக இஸ்ரோ அறிவித்தது.

இனி வியாபாரம். அப்படித்தானே? இங்கேதான் நான் தலைப்பில் சொன்ன சோறு வருகிறது.

திரவ எஞ்சினை ராக்கெட்டில் பொருத்துமுன் தரையில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். பறக்கப்போகும் அதே எஞ்சினை. சரியில்லை என்றால் கழற்றிச் சரிசெய்யலாம். திட மோட்டாரை அப்படிச் செய்ய முடியாது. சோதித்தால் அது தீர்ந்தது. பறக்கும் ஒவ்வொரு திட மோட்டாருக்கும் அதுதான் முதல் எரிப்பு, அதுதான் கடைசி எரிப்பு. எக்ஸ்-ரே எடுத்து விரிசல் பார்க்கலாம், ரப்பர் கலவை கூட்டைவிட்டு விலகியிருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? அதன் உடன்பிறப்புகளிடமிருந்துதான். ஒரே கலவையில், ஒரே அச்சில், ஒரே கைப்பக்குவத்தில் செய்த இன்னொன்றை எரித்துப் பார்த்து, இதுவும் அப்படித்தான் எரியும் என்று நம்ப வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வேறு எந்த இயந்திரத்துக்கும் இவ்வளவு நேராகப் பொருந்தாது.

ஆனால் அந்தப் பழமொழி செல்லுபடியாக ஒரு நிபந்தனை இருக்கிறது. சோறெல்லாம் ஒரே பானையில் வெந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு ராக்கெட் செய்தால், ஒவ்வொன்றும் தனிப் பானை. மூலப்பொருளின் தொகுதி மாறியிருக்கும், செய்த ஆள் மாறியிருப்பார், துணைப்பாகம் கொடுத்த சிறு நிறுவனம் வேறொன்றைச் செய்யப் போயிருக்கும்.

உலகத்தில் இதற்கு உதாரணம் வேண்டிய அளவு கிடைக்கிறது. ஜப்பானில் ஸ்பேஸ் ஒன் என்ற தனியார் நிறுவனத்தின் கைரோஸ், திட எரிபொருள் ராக்கெட். 2024 மார்ச் 13-ல் குஷிமோட்டோ கடற்கரை ஏவுதளத்திலிருந்து கிளம்பி 5 நொடியில் தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. ஆராய்ந்தபோது ராக்கெட்டில் உடைசல் எதுவும் தெரியவில்லை. முதல் அடுக்கின் விசை, கணித்ததைவிடச் சில விழுக்காடு குறைந்திருந்தது. ராக்கெட் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லையே என்று கண்காணித்த தானியங்கி அமைப்பு, ஏதோ கோளாறு என்று நினைத்து அழித்துவிட்டது. சோறு கெடவில்லை, பதம் பார்க்கப் போதுமான சோறு அதற்கு முன் வெந்திருக்கவில்லை. டிசம்பரில் போன இரண்டாவதும் திசை கட்டுப்பாட்டை இழந்து தோற்றது. அதே நாட்டின் எப்சிலான்-எஸ் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு மோட்டார் 2023 ஜூலையிலும் 2024 நவம்பரிலும் தரைச் சோதனையிலேயே இருமுறை வெடித்தது.

ஐரோப்பாவின் வேகா-சி கதை இன்னும் விலை கூடியது. 2022 டிசம்பர் 20 பயணம் முழுக்க வணிகப் பயணம். ஏர்பஸ்ஸின் இரண்டு பிளையாடிஸ் நியோ செயற்கைக்கோள்கள் உள்ளே. இரண்டாவது அடுக்கான செஃபிரோ-40 மோட்டாரில், நெருப்பு வெளியேறும் வாயான நாசிலின் தொண்டையில் இருந்த கார்பன் வளையம் எதிர்பாராத வேகத்தில் அரித்துப்போனது. தொண்டை அகன்றால் அழுத்தம் விழும், அழுத்தம் விழுந்தால் உந்துதல் போச்சு. ராக்கெட் திரும்பப் பறந்தது 2024 டிசம்பரில். இடையில் இரண்டு ஆண்டு. எஸ்எஸ்எல்வியின் முதல் அடுக்கும் இந்தத் தொந்தரவைத் தரையிலேயே பார்த்திருக்கிறது. 2021 மார்ச்சில் செய்த முதல் சோதனையில் நடுவழியில் அலைவு தோன்றி, கடைசியில் நாசில் பக்கம் உடைந்தது. அடுத்த சோதனை சரியாக ஓட ஓராண்டு ஆனது. ஸ்பேஸ்ஃப்ளைட் காத்திருந்த காலத்தில் ஒரு பெரிய துண்டு இங்கேதான் போயிற்று.

பழக்கப்பட்ட மோட்டாருக்கும் விதிவிலக்கு இல்லை. 2025 மே 18-ல் பிஎஸ்எல்வி தன் 63-வது பயணத்தில் இஓஎஸ்-09-ஐ இழந்தது, திட எரிபொருளில் ஓடும் மூன்றாவது அடுக்கில் அழுத்தம் குறைந்ததால். முப்பது ஆண்டுகளாகப் பறந்துவரும் அடுக்கு அது.

இப்போது வாடிக்கையாளரின் பக்கம் வந்து பார்ப்போம். 200 கிலோ செயற்கைக்கோள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இரண்டு வழி. ஒன்று, ஆறுபடை வீடு சுற்றுலா பஸ்ஸில் ஓர் இருக்கை. பஸ் கிளம்பும் நாளில் கிளம்ப வேண்டும், போகும் ஊருக்குத்தான் போக முடியும், ஆனால் மலிவு. பிஎஸ்எல்வி 2017 பிப்ரவரி 15-ல் 104 செயற்கைக்கோள்களை ஒரே தடவையில் கொண்டுபோனது இந்த வகை. ஸ்பேஸ்எக்ஸ் 2021 ஜனவரியில் 143 கொண்டுபோனது. இன்னொன்று, தனிக் கார். எனக்குச் சுவாமிமலைக்கு மட்டும், அதுவும் செவ்வாய்க்கிழமை காலை போக வேண்டும் என்பவருக்கு.

எஸ்எஸ்எல்வி தனிக் கார். ஒரு பயணத்துக்குச் சொல்லப்பட்ட இலக்கு விலை ஏறத்தாழ 30 கோடி ரூபாய். 500 கிலோவும் நிரம்பினால் கிலோவுக்கு 6 லட்சம். பெரும்பாலோர் கேட்கும் துருவப் பாதையில் 300 கிலோதான் என்பதால் 10 லட்சம். ஸ்பேஸ்ஃப்ளைட் எஸ்எஸ்எல்வியை வாங்கிய அதே 2019 ஆகஸ்டில்தான் ஸ்பேஸ்எக்ஸ் தன் பஸ் சேவையை அறிவித்தது. மாத இறுதிக்குள் அது இறங்கி வந்த விலை, 200 கிலோ வரை 10 லட்சம் டாலர். கிலோவுக்கு 5,000 டாலர், ரூபாயில் 4 லட்சத்தைச் சுற்றி. பிறகு ஏற்றி ஏற்றி 6,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. அப்படியும் தனிக் காரால் பஸ் கட்டணத்தோடு மோத முடியாது. இது யாருடைய திறமைக் குறைவும் இல்லை, பெரிய ராக்கெட்டின் முதல் அடுக்கு திரும்பி வந்து இறங்குகிறது. திட அடுக்கு கடலில் விழுந்தால் விழுந்ததுதான்.

அப்படியானால் தனிக் காருக்கு ஆளே இல்லையா? இருக்கிறார்கள், நல்ல விலையும் கொடுக்கிறார்கள். ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலக்ட்ரான் எஸ்எஸ்எல்வியைவிடச் சிறியது. சுமார் 300 கிலோ சுமக்கும், விலை சுமார் 75 லட்சம் டாலர். கிலோவுக்கு 25,000 டாலர் ஆகிறது. எஸ்எஸ்எல்வி கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் 2024-ல் மட்டும் 16 முறை பறந்தது. ஏனென்றால் விண்ணில் பாதை மாறுவது ஊரில் தெரு மாறுவது மாதிரி இல்லை. பூமத்திய ரேகைக்குப் பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற சாய்கோணம் வேறாக இருந்தால், அதை மாற்ற எரிக்க வேண்டிய எரிபொருள் ஒரு சிறிய செயற்கைக்கோளால் சுமக்க முடியாத அளவு. பன்னிரண்டு செயற்கைக்கோள் கொண்ட கூட்டத்தில் ஒன்று பழுதானால், அதே பாதையில், அதே இடைவெளியில் மாற்று ஒன்று போக வேண்டும். பஸ் அங்கே போகாது. அந்தத் தெருவுக்கும் அந்தத் தேதிக்கும்தான் 25,000 டாலர்.

தேதி என்பதைக் கவனியுங்கள். எலக்ட்ரான் திரவ எரிபொருளில் ஓடுவது. ஏவுதளத்தில் எஸ்எஸ்எல்வியைவிட அதற்கு வேலை அதிகம். ஆனால் வாடிக்கையாளருக்கு அது வேகமான ராக்கெட். காரணம், அடுத்தது எப்போதும் தொழிற்சாலையில் தயாராகிக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ்எல்வி 2022 முதல் 2024 வரை மூன்று முறை பறந்தது. ஒரு வாரத்தில் பூட்டக்கூடிய ராக்கெட் ஆண்டுக்கு ஒருமுறை பறந்தால், அந்த ஒரு வாரத்தால் வாங்குபவருக்கு என்ன லாபம்?

இஸ்ரோ இதை உணராமல் இல்லை. இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று குலசேகரப்பட்டினம்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்த் தெற்கே ராக்கெட்டை விட முடியாது, வழியில் இலங்கை இருக்கிறது. கழன்று விழும் அடுக்கு யார் தலையிலும் விழக் கூடாது. ஆகவே துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், தீவைத் தாண்டி, நடுவானில் தெற்கே திரும்ப வேண்டும். பிஎஸ்எல்வி பல ஆண்டுகளாக இப்படித்தான் வளைந்து போகிறது. திரும்புவதற்கு எரிபொருள் போகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கும், 120 டன் ராக்கெட்டுக்கு அது சுமையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். டி2, டி3 இரண்டும் 37 டிகிரி சாய்வில், அதாவது திரும்பாமல் போகக்கூடிய பாதையில் அனுப்பப்பட்டன. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது. தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை கடல்.

முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு லட்சக்கணக்கில் வேடம் கட்டி வந்து குவியும் அந்த ஊரின் பக்கத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரில் ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது, மதிப்பீடு ஏறத்தாழ 986 கோடி ரூபாய். அதே நாளில் ரோகிணி வகைச் சிறு ராக்கெட் ஒன்றை அங்கிருந்து விட்டும் பார்த்தார்கள். மேலே சொன்ன 300 கிலோ கணக்குக்கு உயிர் வருவது இந்த ஊரால்தான்.

இரண்டாவது வேலை, பானையைக் கைமாற்றுவது. எஸ்எஸ்எல்வியைச் செய்யும் முழுத் தொழில்நுட்பத்தையும் ஏலம் விட்டார்கள். 2025 ஜூனில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், அதாவது எச்ஏஎல், 511 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஸ்கைரூட்டும் சென்னையின் அக்னிகுலும்கூட வேறு நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து போட்டியில் இருந்தன. வளர்த்த செலவு 169 கோடி, விற்ற விலை 511 கோடி என்று சிலர் மகிழ்ந்தார்கள். அந்த ஒப்பீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. ஐம்பது ஆண்டு திட எரிபொருள் அனுபவத்துக்கு அந்த 169 கோடியில் யாரும் விலை போடவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, ஆண்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு ராக்கெட் வரை செய்வதாக எச்ஏஎல் தரப்பில் பேசப்படுவது. வியாபாரத்துக்கு மட்டுமல்ல, ராக்கெட்டின் உடல்நலத்துக்கே அந்த எண் வேண்டும். மாதம் ஒரு மோட்டார் வார்க்கும் ஆலையில்தான் ஒரு சோற்றின் பதம் மற்ற சோற்றுக்குச் சாட்சி சொல்லும்.

2025 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 24 மாதத்துக்குள் இஸ்ரோ ஆட்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, எச்ஏஎல் இரண்டு ராக்கெட்டுகளைச் செய்து பழக வேண்டும். இதற்கு நடுவில் இன்னொரு முன்பதிவும் காத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஸ்பேஸ் மெஷின்ஸ் கம்பெனி, ஆப்டிமஸ் என்ற 450 கிலோ விண்கலத்துக்காக 2024-ல் நியூஸ்பேஸ் இந்தியாவிடம் ஒரு எஸ்எஸ்எல்வியை முழுசாக வாங்கியிருக்கிறது. ஏவ வேண்டிய ஆண்டு 2026 என்று பேச்சு. விண்ணில் பழுதான செயற்கைக்கோள்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்துப் பழுது நீக்குவது ஆப்டிமஸின் நோக்கம்.